நிறுவன சர்வரில் எந்தப் பதிப்பு? பைத்தான், ஜாவா, நோட் புதுப்பிப்பில் ஐந்து வழிகள்: ஓர் ஒப்பீடு

எந்த மொழியின் எந்தப் பதிப்பு சர்வரில் ஓட வேண்டும் என்ற பேச்சை எடுத்தாலே கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். செக்யூரிட்டி டீம் ஸ்கேனர் துப்பிய சிவப்புப் பட்டியலோடு வந்து உட்காரும். டெவலப்மென்ட் டீம் "ஓடுறதை ஏன் சார் தொடணும்?" என்று கேட்கும். மேலாளர் இருவரையும் பார்த்துவிட்டு "அடுத்த காலாண்டில் பார்க்கலாம்" என்பார். அந்த அடுத்த காலாண்டு வருவதற்குள் ஆதரவு முடிந்த ரன்டைம் (நிரலை ஓட்டும் மொழிச் சூழல்) இன்னும் ஒன்று பட்டியலில் சேர்ந்திருக்கும்.

சண்டை தீராமல் இழுப்பதற்கு முக்கியக் காரணம், தனித்தனியான இரண்டு வேலைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது. அவற்றைப் பிரித்துவிட்டால் பாதிச் சிக்கல் போய்விடும். மீதிப் பாதிக்குத்தான் இந்த ஒப்பீடு.

பேட்ச் வேறு, பதிப்பு மாற்றம் வேறு

பைத்தான் 3.12.3இலிருந்து 3.12.4க்குப் போவது பேட்ச். சில பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடும், சில பிழைகள் திருந்தும். நீங்கள் எழுதிய நிரல் (கோடு) பழையபடியே ஓடும். 3.11இலிருந்து 3.12க்கோ 3.13க்கோ போவது அப்படியல்ல. 3.12இல் டிஸ்ட்யூட்டில்ஸ் போய்விட்டது. 3.13இல் சிஜிஐ, கிரிப்ட், டெல்நெட்லிப் போன்ற பழைய மாட்யூல்கள் ஒரேயடியாக நீக்கப்பட்டன. முதல் வேலைக்கு நல்ல டெஸ்ட் இருந்தால் ஒரு நாள் போதும். இரண்டாவதற்கு ஒரு ஸ்பிரிண்ட் ஆகலாம், அப்ளிகேஷனின் வயதைப் பொறுத்து ஒரு காலாண்டும் ஆகலாம்.

முதல் வேலையில் தேர்வு என்று எதுவும் கிடையாது என்பது என் கருத்து. பேட்ச் வந்தால் பில்ட் தானாக ஓட வேண்டும், டெஸ்ட் தேறினால் ப்ரொடக்‌ஷனுக்குப் போய்விட வேண்டும். கார்டுப் பணம் கையாளும் நிறுவனங்களுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் 4 தரநிலை, மிகத் தீவிரமான ஓட்டைகளுக்கான பேட்சை அது வெளிவந்த ஒரு மாதத்துக்குள் ஏற்றச் சொல்கிறது. அந்த ஒரு மாதமே சில நேரம் தாராளம். 2024 ஜூனில் விண்டோஸில் சிஜிஐ முறையில் ஓடும் பிஎச்பியில் சிவிஇ-2024-4577 (சிவிஇ என்பது ஓட்டைகளுக்கான பொதுப் பதிவு எண்) என்ற ஓட்டை வெளியே வந்தது. ஓரிரு நாளிலேயே ரான்சம்வேர் கும்பல் அதைக் கையில் எடுத்துவிட்டது. 8.1.29, 8.2.20, 8.3.8 ஆகியவற்றில் அது அடைபட்டது. 8.0இலும் 7 வரிசையிலும் உட்கார்ந்திருந்தவர்களுக்கு பிஎச்பி திட்டத்திடமிருந்து பேட்சே வரவில்லை, ஏனென்றால் அவற்றின் ஆதரவுக் காலம் முன்பே முடிந்திருந்தது.

இங்கேதான் இரண்டு வேலைகளும் சந்திக்கின்றன. பெரிய பதிப்பைப் பற்றி நீங்கள் எடுக்கும் முடிவு, சின்னப் பேட்ச் உங்களுக்கு யாரிடமிருந்து எவ்வளவு காலம் வரும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. கீழே வரும் ஐந்து வழிகளையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே பார்க்கிறேன். புதிய மொழி வசதிகள், வேகம், டெவலப்பர்களின் ஆசை எல்லாம் அதற்குப் பிறகு.

பேட்சைத் தானாக ஏறவிடும் முன் இரண்டு விஷயம். ஒன்று, கன்டெய்னர் (அப்ளிகேஷனையும் அதற்குத் தேவையானவற்றையும் சேர்த்துக் கட்டிய பொதி). அதன் அடித்தளமான பேஸ் இமேஜ் மறுபடி கட்டப்பட்டு அதே டேக்கில் புதுசாக வந்தாலும், உங்கள் இமேஜ் பழையதாகவே கிடக்கும். அப்ளிகேஷனில் ஒரு வரிகூட மாறாவிட்டாலும் வாரம் ஒருமுறை மறுபடி கட்டி ஏற்றும் வழக்கம் வேண்டும். ரெனோவேட், டிபெண்டபாட் போன்ற கருவிகள் பதிப்பு எண்ணை உயர்த்தி புல் ரெக்வெஸ்ட் போட்டுவிடும். அதைப் பார்த்து மெர்ஜ் செய்ய ஓர் ஆள் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். பெயர் இல்லாத ரெப்பாசிட்டரிகளில் அந்தக் கோரிக்கைகள் நூற்றுக்கணக்கில் குவிந்து கிடப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம்.

இரண்டு, உரிமம். ஆரக்கிள் நிறுவனத்தின் ஜாவா தொகுப்பான ஜேடிகே 17, 2021இல் கட்டணமில்லா உரிமத்தோடு வந்தது. 17.0.12 வரை அதே உரிமம்தான். 2024 அக்டோபரில் வந்த 17.0.13இலிருந்து ப்ரொடக்‌ஷனில் ஓட்டுவதற்குச் சந்தா தேவை. அந்தச் சந்தாவோ 2023 ஜனவரி முதல் நிறுவனத்தின் மொத்த ஊழியர் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடப்படுகிறது, ஜாவா எத்தனை சர்வரில் ஓடினாலும் சரி. கடைசி இலக்கம் ஒன்று கூடியதற்கு நிதித்துறை மேஜைக்கு ஒரு பெரிய பில் வந்து விழலாம். டெமுரின், கொரெட்டோ, ஜூலு, மைக்ரோசாஃப்ட் ஆகியோரின் ஓபன்ஜேடிகே வெளியீடுகளில் இந்தத் தொல்லை இல்லை. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என ஆரக்கிளின் அதே காலாண்டு அட்டவணையை ஒட்டியே அவையும் ஓட்டைகளை அடைத்து வருகின்றன.

முதல் வழி: வந்தவுடன் ஏறுவது

புதிய பெரிய பதிப்பு வெளியான சில வாரங்களிலேயே ஏறிவிடுவது. கோ மொழிக்கு இது ஏறக்குறையக் கட்டாயம். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலுமாக ஆண்டுக்கு இரண்டு வெளியீடு, கடைசி இரண்டு பதிப்புகளுக்கு மட்டுமே பேட்ச். ஆக எந்தப் பதிப்புக்கும் ஆயுள் ஓராண்டுதான். ஆனால் 2012இல் கோ 1 வந்தபோது தந்த, பழைய கோடு புதிய கம்பைலரில் உடையாது என்ற வாக்கைப் பெரும்பாலும் காப்பாற்றி வருகிறார்கள். அதனால் ஏறுவது வலிக்காது.

வலி வேறு இடத்தில் இருக்கிறது. கோ மொழியின் ஸ்டாண்டர்டு லைப்ரரி, கட்டப்படும் பைனரிக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும். 2023 அக்டோபரில் எச்டிடிபி/2 ரேப்பிட் ரீசெட் ஓட்டைக்கு 1.21.3, 1.20.10 இரண்டும் வந்தன. பில்ட் சர்வரில் கோ மொழியைப் புதுப்பித்தவுடன் டிக்கெட்டை மூடிவிட்ட டீம் எதையும் சரிசெய்யவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு பைனரியையும் மறுபடி கட்டி ஏற்றினால்தான் ஓட்டை அடைபடும். யாரும் தொடாத சின்னச் சின்ன சேவைகள்தான் இதில் விடுபடும். பைனரியின் பெயரைக் கொடுத்து 'கோ வெர்ஷன்' கட்டளையை ஓட்டினால் அது எந்தப் பதிப்பில் கட்டப்பட்டது என்று தெரிந்துவிடும். எல்லா சர்வரிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், என்றோ வேலையை விட்டுப் போனவர் கட்டி வைத்த பைனரிகள் வரிசையாக எழுந்து நிற்கும்.

ஜாவாவில் இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வருகிறது. இடைப்பட்ட பதிப்புகளுக்கு அடுத்த பதிப்பு வரும் வரைதான் ஆரக்கிளின் ஆதரவு. ஒருமுறை தாமதித்தாலும் பேட்ச் இல்லாத இடத்தில் நிற்பீர்கள். தவிர, புதியது என்பதாலேயே அது பத்திரமானதாகிவிடாது. 2022 ஏப்ரலில் வெளியான சிவிஇ-2022-21449 இதற்கு நல்ல சான்று. ஜாவா 15இல் நீள்வட்டக் குறியாக்கக் கோடை சி++இலிருந்து ஜாவாவுக்கு மாற்றி எழுதியபோது, கையொப்பத்தின் எண்கள் சுழியமா என்ற சோதனை விடுபட்டுப் போயிற்று. எல்லாம் சுழியமாக ஒரு கையொப்பத்தை அனுப்பினால், எந்தச் செய்திக்கும் எந்தச் சாவிக்கும் 'செல்லும்' என்று ஜாவா தலையாட்டியது. பாதிக்கப்பட்டவை 15 முதல் 18 வரை. பழைய 8, 11 பதிப்புகளில் இந்த ஓட்டை இல்லை. 17க்கும் 18க்கும் பேட்ச் வந்தது. 15, 16 இரண்டும் ஆரக்கிள் கைகழுவியவை. புதியது வேண்டுமென்று அங்கே ஏறி, பிறகு அப்படியே தங்கிவிட்டவர்களுக்குத்தான் இரண்டு பக்கமும் அடி.

இரண்டாவது வழி: எல்டிஎஸ்ஸிலிருந்து எல்டிஎஸ்ஸுக்கு

பெரும்பாலான நிறுவனங்கள் இதைத்தான் சொல்கின்றன, சொல்கிறபடி செய்பவை குறைவு. ஜாவாவில் 8, 11, 17, 21, 25 என்று நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் (எல்டிஎஸ்). 17க்குப் பிறகு இரண்டாண்டுக்கு ஒன்று. நோட்டில் (ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் ரன்டைம்) இதுவரை இரட்டை எண் பதிப்புகள் ஏப்ரலில் வெளியாகி அக்டோபரில் எல்டிஎஸ் ஆகி, அதன்பின் 30 மாதம் ஆதரவு பெற்றன. டாட் நெட்டில் ஆண்டுதோறும் நவம்பரில் ஒன்று. இரட்டை எண்ணுக்கு மூன்றாண்டு. ஒற்றை எண்ணுக்கு 18 மாதமாக இருந்ததை 2025இல் 24 மாதமாக நீட்டியதில், 8உம் 9உம் 2026 நவம்பர் 10 அன்று ஒரே நாளில் முடியும்படி ஆகிவிட்டது. அந்த ஜோடியைப் பொறுத்தவரை 'எல்டிஎஸ்தான் நீண்ட நாள் வரும்' என்ற வாதத்துக்குப் பொருளே இல்லை.

பைத்தானில் எல்டிஎஸ் என்று தனியாக எதுவும் கிடையாது. ஆண்டுதோறும் அக்டோபரில் வரும் ஒவ்வொரு பதிப்புக்கும் ஐந்தாண்டு. கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் அந்த ஐந்தாண்டும் ஒரே மாதிரி இல்லை. முதல் ஒன்றரை ஆண்டு (3.13 முதல் இரண்டாண்டு) எல்லாப் பிழைத் திருத்தமும் வரும். அதற்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தம் மட்டும், அதுவும் மூலக் கோடாக மட்டும். பைத்தான் தளத்திலிருந்து இன்ஸ்டாலரைப் பதிவிறக்கி விண்டோஸ் இயந்திரங்களில் போடும் நிறுவனம் இதைக் கவனிக்க வேண்டும். 3.12 வரிசையில் கடைசி இன்ஸ்டாலர் 2025 ஏப்ரலில் வந்த 3.12.10. அட்டவணையில் 3.12க்கு 2028 அக்டோபர் வரை ஆதரவு என்றிருக்கும். இன்ஸ்டாலர் வழியில் போகிறவருக்கு நடைமுறையில் அது 2025இலேயே முடிந்துவிட்டது. லினக்ஸ் கன்டெய்னரில் ஓடுபவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, இமேஜைக் கட்டுபவர்கள் மூலக் கோடிலிருந்தே கட்டித் தந்துவிடுகிறார்கள்.

எல்டிஎஸ் வழியின் பெரிய பலம் திட்டமிட முடிவது. ஆனால் அறிவித்த தேதியும் கல்லில் எழுதியதல்ல. நோட் 16க்கு 2024 ஏப்ரல் வரை ஆதரவு என்று சொல்லியிருந்தார்கள். அதனுள்ளே இருந்த குறியாக்க லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1இன் ஆதரவு 2023 செப்டம்பர் 11 அன்று முடிவதால், நோட் 16இன் ஆயுளையும் அதே நாளுக்கு இழுத்துக்கொண்டார்கள். ஏழு மாதம் குறைந்தது. அங்கிருந்து 18க்குப் போனவர்கள் ஓபன்எஸ்எஸ்எல் 3ஐச் சந்தித்தார்கள். எம்டி4 என்ற பழைய ஹேஷ் முறை அதில் முன்னிருப்பாக அணைக்கப்பட்டிருந்தது. பில்ட் கருவியான வெப்பேக் 4 அதைத்தான் நம்பியிருந்தது. பில்ட் பாதியில் நின்று 'டிஜிட்டல் என்வலப் ரொட்டீன்ஸ் அன்சப்போர்ட்டட்' என்று கத்தும். தேடினால் முதலில் கிடைக்கும் விடை, பழைய குறியாக்க வழங்கியை மீண்டும் இயக்கும் ஒரு ஃபிளாக். பல இடங்களில் அந்த ஃபிளாக் பில்டில் மட்டும் நிற்காமல் பொது என்விரான்மென்ட் வேரியபிளாகி, ப்ரொடக்‌ஷன் வரை போய்விட்டது. பாதுகாப்புக்காக ஏறி, ஏறிய கையோடு பாதுகாப்பைத் தளர்த்திய கதை. உங்கள் கட்டமைப்பில் அந்த ஃபிளாக் எங்காவது இருக்கிறதா என்று ஒருமுறை தேடிவிடுங்கள்.

இந்த வழியின் பலவீனம், தாவலின் நீளம். ஜாவா 8இலிருந்து நேராக 17க்குத் தாவினால் எக்ஸ்எம்எல் லைப்ரரியான ஜேஏஎக்ஸ்பி (JAXB) போன்றவை 11லேயே போய்விட்டதும், ஜேடிகேயின் உள்பகுதிகளை ரிஃப்ளெக்‌ஷனால் தொட முடியாமல் 17 பூட்டிவிட்டதும் ஒரே நேரத்தில் தலையில் விழும். ஆனால் தாவாமல் இருக்கவும் விடமாட்டார்கள், அதற்குக் காரணம் மொழியைவிட லைப்ரரிகள்தான். ஜாவா ஃபிரேம்வொர்க்கான ஸ்பிரிங் பூட் 3, 2022 நவம்பரில் வந்தபோது ஜாவா 17ஐக் குறைந்தபட்சமாக்கியது. கூடவே இம்போர்ட் வரிகளெல்லாம் ஜாவாக்ஸிலிருந்து ஜகார்த்தாவுக்கு மாற வேண்டியதாயிற்று. 2023இல் ஸ்பிரிங் பூட் 2.7இன் கட்டணமில்லா ஆதரவு முடிந்தது. ஜாவா 8க்கு இன்றும் பேட்ச் வருகிறது, ஆனால் அதன்மேல் ஓடும் ஃபிரேம்வொர்க்குக்கு வருவதில்லை. பைத்தான் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோ 5.0, பைத்தான் 3.10க்குக் கீழே ஓடாது என்பதும் இதே கதைதான். ரன்டைமின் ஆதரவுத் தேதியை மட்டும் எழுதி வைத்திருக்கும் அட்டவணை பாதிதான் உண்மை சொல்லும்.

மூன்றாவது வழி: ஓஎஸ் தருவதையே வைத்துக்கொள்வது

டெவலப்பர்கள் ஏளனமாகப் பார்க்கும் வழி இது. எனக்கு இதன்மேல் மரியாதை அதிகம்.

ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8ஐ எடுத்துக்கொள்வோம். அதோடு வரும் பைத்தான் 3.6. பைத்தான் திட்டத்தைக் கேட்டால் 3.6இன் ஆயுள் 2021 டிசம்பரில் முடிந்தது. ரெட் ஹேட்டோ 2029 வரை அதைப் பார்த்துக்கொள்கிறது. எப்படி? புதிய பதிப்பில் வந்த பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் வெட்டி எடுத்து, பழைய கோடுக்குப் பொருந்தும்படி தைத்துப் போடுகிறார்கள். வேறு எதுவும் மாறாது. உங்கள் ஸ்கிரிப்ட் பல ஆண்டு கழித்தும் அதே ஸ்கிரிப்டாக ஓடும். பதிப்பைத் தூக்கி நிறுத்துவது அவர்கள் வேலை, ஓஎஸ் அப்டேட்டைத் தவறாமல் ஓட்டுவது மட்டும் உங்கள் வேலை.

இதில் ஒரு நிரந்தரத் தலைவலி உண்டு, ஸ்கேனர். பேக்கேஜின் பெயரில் 3.6.8 என்ற எண் கடைசி வரை மாறாது. அதற்குப் பின்னால் வரும் வெளியீட்டு எண்தான் கூடிக்கொண்டே போகும். பதிப்பு எண்ணை மட்டும் பார்க்கும் ஸ்கேனர் '3.6.8, ஆதரவு முடிந்தது, தீவிரம்' என்று சிவப்படித்துவிடும். ஆடிட்டர் கேட்பார், நீங்கள் விளக்குவீர்கள், அடுத்த ஆண்டு வேறு ஆடிட்டர் வந்து முதலிலிருந்து கேட்பார். பேக்கேஜ்களை நிர்வகிக்கும் ஆர்பிஎம் கட்டளையிடம் அந்தப் பேக்கேஜின் சேஞ்ச்லாகைக் கேட்டால் எந்த நாளில் எந்த சிவிஇ அடைபட்டது என்று வரிவரியாக வரும். அதைச் சேமித்துக் கொடுப்பதுதான் வாதத்தை விரைவாக முடிக்கும். விநியோகத்தாரின் பாதுகாப்புத் தரவைப் படிக்கத் தெரிந்த ஸ்கேனராகப் பார்த்து வாங்கினால் இந்த வாதமே எழாது.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு 'ஓஎஸ் பார்த்துக்கொள்ளும்' என்று விட முடியாது. ரெட் ஹேட்டில் அடிப்படைப் பைத்தானுக்குக் கிடைக்கும் பத்தாண்டு ஆயுள், ஆப் ஸ்ட்ரீம் வழியாக வரும் நோட் போன்றவற்றுக்குக் கிடையாது. அவை ஏறக்குறைய மூலத் திட்டத்தின் ஆயுளோடு முடிந்துவிடும். ஒரே ரெப்பாசிட்டரி, ஒரே நிறுவல் கட்டளை, ஆயுள் மட்டும் வேறு. உபுண்டுவில் இதைவிட வேடிக்கை. 2022 ஏப்ரலில் வந்த உபுண்டு 22.04இல் நிறுவினால் கிடைத்தது நோட் 12. அதே ஏப்ரல் 30ஆம் தேதி நோட் 12இன் ஆயுள் முடிந்தது. அது யுனிவர்ஸ் பிரிவில் இருக்கும் பேக்கேஜ். ஐந்தாண்டு இலவச உத்தரவாதம் மெயின் பிரிவுக்குத்தான், யுனிவர்ஸுக்கு முறையான பாதுகாப்பு வேண்டுமென்றால் உபுண்டு ப்ரோ சந்தா. எந்தப் பேக்கேஜ் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று பார்க்காமல் 'எல்டிஎஸ் ஓஎஸ்தானே' என்று இருப்பவர்கள் நிறையப் பேர்.

இன்னொரு குறை, ரன்டைம் பத்தாண்டு நின்றாலும் நீங்கள் பிப் என்ற நிறுவும் கருவி வழியாக இழுக்கும் லைப்ரரிகள் நிற்காது. பைத்தான் 3.6இல் ஓடும் கடைசி ஜாங்கோ 3.2. அதன் ஆதரவு 2024 ஏப்ரலில் முடிந்தது. எனவே இந்த வழி எதற்குப் பொருந்தும் என்றால், வெளி லைப்ரரி அதிகம் இல்லாத உள்வேலை ஸ்கிரிப்டுகள், நிர்வாகக் கருவிகள், இரவில் தானாக ஓடும் தொகுப்பு வேலைகள். வாடிக்கையாளர் தொடும் வெப் அப்ளிகேஷனுக்கு இதை நம்பினால், கீழே பலமான தளம், மேலே ஓட்டைக் கூரை என்று ஆகிவிடும்.

நான்காவது வழி: காசு கொடுத்து நீட்டிப்பது

பழைய ரன்டைமுக்குப் பேட்ச் எழுதித் தருவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய ஜாவாவுக்கு அசூல், பைத்தான் 2க்கு ஆக்டிவ்ஸ்டேட், பிஎச்பிக்கு ஜெண்டும் டக்ஸ்கேரும், நோட்டுக்கு ஹீரோடெவ்ஸ். பைத்தான் 2.7 மூலத் திட்டத்தில் 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது. முதலில் 2015 என்று குறித்து, ஊர் மாறாததைப் பார்த்து ஐந்தாண்டு தள்ளிப்போட்ட தேதி அது. அதற்குப் பிறகும் அதற்குச் சந்தை இருக்கிறது என்றால் காரணம் புரியும்.

இதை வாங்குபவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எழுதியவர் யாரும் இல்லை, டெஸ்ட் இல்லை, அதில்தான் தினசரிப் பணக் கணக்கு ஓடுகிறது என்றால், அவசரமாகத் திருத்தி எழுதுவதைவிட ஓராண்டுச் சந்தா மலிவு, ஆபத்தும் குறைவு. வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஓட்டை வெளிவந்த எத்தனை நாளில் பேட்ச் தருவீர்கள் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா? ரன்டைமுக்கு மட்டுமா, லைப்ரரிகளுக்கும் சேர்த்தா? மூன்றாவது ஆண்டு விலை என்ன? மூன்றாவதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டவர்கள், விட்டுப் போக வழியில்லாத நேரத்தில் விலை ஏறுவதைப் பார்ப்பார்கள்.

சந்தா கையெழுத்தாகும் அதே நாளில் மாற்றி எழுதும் திட்டத்துக்கும் பட்ஜெட்டும் ஆளும் ஒதுக்கப்பட வேண்டும் என்பதே என் நிபந்தனை. ஒதுக்காவிட்டால் ஓராண்டு கழித்து அதே கூட்டத்தில் அதே ஸ்லைடோடு உட்கார்ந்திருப்பீர்கள், அப்ளிகேஷனைத் தெரிந்த ஆள் மட்டும் இன்னும் ஒருவர் குறைந்திருப்பார்.

ஐந்தாவது வழி: வேலி போட்டுத் தனியே வைப்பது

தனி நெட்வொர்க், முன்னால் ஒரு ப்ராக்ஸி, வெளித்தொடர்பு தடை. பழைய பதிப்பு உள்ளே இருக்கட்டும். தொழிற்சாலைக் கருவி, விற்றவரே கைவிட்ட மென்பொருள் போன்றவற்றுக்கு இதைத் தவிர வேறு வழியில்லை. மற்ற இடங்களில் இது தள்ளிப்போடுவதற்குப் போட்டுக்கொள்ளும் மரியாதையான பெயர். வேலிக்கு யாராவது ஒருநாள் 'தற்காலிகமாக' ஒரு வாசல் வைப்பார்கள். விதிவிலக்குப் படிவத்தில் முடிவுத் தேதியும் கையெழுத்திட்டவர் பெயரும் இல்லையென்றால் இந்த வழியை அனுமதிக்கவே கூடாது.

என் தேர்வு

எல்லாவற்றுக்கும் ஒரே கொள்கை என்று எழுதும் நிறுவனங்களில்தான் விதிவிலக்குப் படிவங்கள் அதிகம். அப்ளிகேஷன்களை மூன்றாகப் பிரித்துவிடலாம். டீம் இருந்து, மாதாமாதம் மாற்றம் போய்க்கொண்டிருப்பவை எல்டிஎஸ் வழியில், கன்டெய்னரில் போகட்டும். பைத்தானிலும் ஜாவாவிலும் மிகப் புதியதற்கு ஒரு படி கீழே நிற்பது வசதி, லைப்ரரிகள் அதற்குள் தயாராகியிருக்கும். நோட்டிலும் டாட் நெட்டிலும் ஒரு படி கீழே நின்றால் பாதி ஆயுள் போயிருக்கும், அங்கே நடப்பு எல்டிஎஸ்ஸிலேயே இருப்பது நல்லது. கோ எப்போதும் முதல் வழி. டீம் இல்லாத, ஆனால் எளிமையான உள்வேலைக் கருவிகளுக்கு ஓஎஸ் தரும் ரன்டைம். வெளி லைப்ரரி சேர்க்க அனுமதி கேட்க வேண்டும். டீமும் இல்லை, சிக்கலும் அதிகம் என்பவற்றுக்குச் சந்தா, மாற்றும் திட்டத்தோடு சேர்த்து. வேலி, விற்பனையாளர் பெட்டிகளுக்கு மட்டும்.

இந்தப் பிரிப்புக்கு முன்னால் கணக்கெடுப்பு தேவை, அது தோன்றுவதைவிடக் கடினம். சர்வரில் 'ஜாவா வெர்ஷன்' என்று கேட்டால் பாதையில் இருக்கும் ஒன்றைத்தான் சொல்லும். விலைக்கு வாங்கிய மென்பொருள்கள் தங்கள் ஃபோல்டருக்குள்ளேயே ஒரு ஜாவாவைச் சுமந்து வரும். ஓஎஸ் அப்டேட் அதைத் தொடாது. பைத்தானில் ஒவ்வொரு வெர்ச்சுவல் என்விரான்மென்டும் உருவான நாளின் பதிப்பைப் பற்றிக்கொண்டிருக்கும். டிஸ்கில் ஜாவா, பைத்தான், நோட் என்ற பெயருள்ள இயங்கு கோப்புகளை எல்லாம் தேடி, ஒவ்வொன்றிடமும் பதிப்பைக் கேட்டு எழுதினால்தான் உண்மைக் கணக்கு வரும். பேக்கேஜ் மேனேஜர் தரும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டும் ஒத்துப்போகாது.

கடைசியாக நாட்காட்டி. பைத்தான் அக்டோபர், நோட் எல்டிஎஸ் அக்டோபர், டாட் நெட் நவம்பர், பிஎச்பி நவம்பர் வாக்கில், ரூபி டிசம்பர் 25: புதிய பதிப்புகள் கூட்டமாக வரும் இதே மாதங்களில்தான் பல நிறுவனங்களில் ஆண்டிறுதி மாற்றத் தடை இருக்கும். ஆயுள் முடிவதும் இதே பருவத்தில், பைத்தானுக்கு அக்டோபர், டாட் நெட்டுக்கு நவம்பர், பிஎச்பிக்கு டிசம்பர் 31. ஆதரவு முடியும் மாதத்தில் வேலையைத் தொடங்குபவர் தடைக்குள் மாட்டிக்கொண்டு, பேட்ச் இல்லாமலேயே புத்தாண்டைத் தாண்டுவார். பெரிய பதிப்பு மாற்றத்தை ஆண்டின் முதல் பாதியில் வைத்துக்கொண்டால், புதிய பதிப்புக்கு அதற்குள் சில பேட்ச் வந்து பக்குவப்பட்டிருக்கும், பழையதற்கோ இன்னும் அரையாண்டு ஆயுள் மிச்சம் இருக்கும். நோட் மட்டும் இதில் அடங்காது. 18 முடிந்தது 2025 ஏப்ரல் 30, 20க்குக் குறித்தது 2026 ஏப்ரல் 30. அதற்கான வேலையை அக்டோபரில் புதிய எல்டிஎஸ் அறிவித்த கையோடு டெஸ்ட் சூழலில் தொடங்கி, தடை நீங்கும் ஜனவரியில் ஏற்றிவிட வேண்டும்.